கறுவா: ஒரு மரமும் மூன்று எண்ணெய்களும்

எனது மேசையின் மீது இரண்டு சிறிய போத்தல்கள் இருக்கின்றன. ஒன்று, 1979ஆம் ஆண்டிலே வெலிகமையில் என்னிடம் பயின்ற மாணவர்கள் காய்ச்சி வடித்து எனக்குத் தந்தது. மற்றது, 2014ஆம் ஆண்டிலே என் மூத்த தமக்கையார் யாழ்ப்பாணத்துக் கடையொன்றிலே காசு கொடுத்து வாங்கியது. இரண்டின் மீதும் 'கறுவாப்பட்டை எண்ணெய்' என்றே எழுதப்பட்டிருக்கிறது. முன்னையதில் உள்ளது பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் கோணல் எழுத்து. பின்னையதில் உள்ளது வண்ண அச்சு. கோணல் எழுத்துச் சொல்வது மெய். வண்ண அச்சுச் சொல்வது பொய். இரண்டாவது போத்தலின் கதையைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன். ஆயினும், முதலாவது போத்தலை அறியாதார்க்கு இரண்டாவது விளங்காது.

ஆசிரியத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் நியமனம், வெலிகமையிலே தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் முஸ்லிம் பாடசாலை ஒன்றுக்கு. பனையும் செம்மண்ணுமாக வளர்ந்த எனக்கு அந்தத் தெற்குக் கரை வேறு உலகமாகவே தோன்றியது. மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதிலே, மாணவன் ஒருவன் தன் தகப்பனார் குத்தகைக்கு எடுத்திருந்த கறுவாத் தோட்டத்துக்கு என்னை அழைத்துச் சென்றான். கறுவாவை நான் கறிச்சட்டியிற் கண்டிருந்தேனேயன்றி மரமாகக் கண்டதில்லை. கண்டபோதும் அது மரமாகத் தோன்றவில்லை. அடியோடு வெட்டப்பட்ட கட்டையிலிருந்து நாலைந்து தண்டுகள் நேராக எழுந்து, கைத்தடிப் பருமனில் நின்றன. செந்நிறத் தளிர்கள் முற்றிப் பச்சையாகும் பருவத்திலேதான் பட்டை இலகுவாகக் கழலும் என்றார் தோட்டக்காரர்.

கொட்டிலுக்குள்ளே ஒரு கணவனும் மனைவியும் தரையில் அமர்ந்து பட்டை உரித்துக்கொண்டிருந்தனர். வளைந்த சிறு கத்தியாற் புறத்தோலைச் சுரண்டிக் களைந்தார்கள். பின், பித்தளைக் கோல் ஒன்றினால் தண்டை அழுத்தித் தேய்த்தார்கள். அதன்பின் நெடுக்காக இரண்டு கீறல். அவ்வளவுதான், உட்பட்டை சட்டை கழற்றுவதுபோலக் கழன்று வந்தது. அந்த மெல்லிய பட்டைகளை ஒன்றினுள் ஒன்றாகச் செருகி, துண்டு துணுக்குகளால் நடுவை நிரப்பி, ஏறத்தாழ 42 அங்குல நீளமுள்ள குழல்களாகச் செய்து, கூரையின் கீழே கட்டிய கயிறுகளின் மீது நிழலில் உலரவிட்டார்கள். கண்ணால் அளந்து கையால் முடிக்கும் அந்த வேலையின் நுட்பத்தை எழுத்திற் கொண்டுவர என்னால் ஆகாது. இலையை மட்டும் ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அது வெளியே குவியலாகக் கிடந்தது. ஓர் இலையை எடுத்துக் கசக்கி முகர்ந்தேன். வந்தது கறுவாவின் மணம் அன்று!

"சேர், இது கராம்பு வாசம்" என்றான் மாணவன், எனக்குப் பாடம் சொல்பவன் போல.

அவன் சொன்னது முற்றிலும் சரி. கராம்பு மொட்டிலே மணப்பது எதுவோ அதுவே கறுவா இலையிலும் மணக்கிறது. அதன் பெயர் இயூஜினோல். பட்டையிலே மணப்பதோ சினமல்டிகைட்டு. அதே செடியின் வேர்ப்பட்டையைத் தோண்டி எடுத்துக் காய்ச்சினால் அங்கே மேலோங்கி நிற்பது நமது பூசையறைக் கற்பூரம். நிலத்துக்கு மேலே கறுவா, நுனியிலே கராம்பு, நிலத்துக்குக் கீழே கற்பூரம், ஒரே செடி! அந்நாளிலே இந்த மூன்று எண்ணெய்களையும் வாயு நிறப்பதிவியல் முறையாற் கூறுகூறாகப் பகுத்து, கொழும்பிலிருந்த இலங்கை விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். ஓ. பி. விஜேசேகரவும் அவருடைய துணைவர்களும் 1974ஆம் ஆண்டிலே ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டிருந்தார்கள். நம் நாட்டுச் செடியை நம் நாட்டவரே பகுத்தறிந்து உலகுக்கு உரைத்த அச்செயல், இளம் ஆசிரியனாகிய எனக்கு எத்துணைப் பெருமிதத்தைத் தந்தது என்பதை இன்று சொன்னால் மாணவர்கள் நகைக்கக்கூடும்.

அவ்வாண்டு எங்கள் ஆய்வுகூடத்திலே பட்டை எண்ணெய் காய்ச்சினோம். ஆய்வுகூடம் என்பது பெரிய பெயர். ஒரு நீண்ட மேசையும் இரண்டு அலுமாரிகளுமே அங்கு இருந்தன. நூறு கிராம் பட்டையை இடித்துக் குடுவையில் இட்டுக் கொதிநீராவியைச் செலுத்தினோம். சினமல்டிகைட்டு தனியே கொதிக்க 248 பாகை செல்சியசு வேண்டும். அந்த வெப்பத்தில் வைத்தால் எண்ணெய் கருகிக் கெட்டுவிடும். ஆனால், ஒன்றோடொன்று கலவாத இரண்டு திரவங்கள் ஒரே கலத்தில் இருக்கும்போது, அவற்றின் ஆவியமுக்கங்கள் கூடி வளியமுக்கத்தை எட்டியதுமே இரண்டும் சேர்ந்து கொதிக்கத் தொடங்குகின்றன. ஆதலினால் நீர், நூறு பாகைக்குச் சற்றுக் கீழேயே எண்ணெயைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. ஒடுக்கியிலிருந்து வடிந்தது பால்போல வெளுத்த நீர். அதைப் பிரிபுனலில் ஊற்றிக் காத்திருந்தோம்.

"சேர், எண்ணெய் மிதக்கவில்லையே!" என்று ஒருத்தி கவலைப்பட்டாள்.

எண்ணெய் என்றால் மிதக்கும் என்பதே நாமெல்லாம் அறிந்தது. கறுவா எண்ணெய் நீரிலும் சற்றுக் கனமானது. அது கீழே சென்று படிந்தது. அடியிலே மஞ்சள் நிறமாய்த் திரண்ட அந்தத் துளிகள் ஒரு மில்லிலீற்றரையும் நிரப்பவில்லை. நாலு மணிநேர உழைப்பின் பயன் அவ்வளவே. இன்னும் மூன்று முறை காய்ச்சிச் சேர்த்ததைத்தான் எனக்கு இடமாற்றம் வந்த நாளிலே போத்தலில் இட்டு, பெயரெழுதி, கையில் தந்தார்கள்.

இரசாயனம் பயிலாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். சினமல்டிகைட்டின் ஒரு மூலக்கூறிலே காபன் அணுக்கள் ஒன்பது, ஐதரசன் எட்டு, ஒட்சிசன் ஒன்று. பென்சீன் வளையம் ஒன்றும், அதிலிருந்து நீளும் மூன்று காபன் கொண்ட வாலும், வாலின் நுனியிலே அல்டிகைட்டுக் கூட்டமும் அதன் உருவம். 1834ஆம் ஆண்டிலே பிரான்சிலே டூமாவும் பெலிகோவும் அதைக் கறுவா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். பின்னர் இத்தாலியரான கியோட்சா ஆய்வுகூடத்திலேயே அதனை ஆக்கிவிட்டார். இயூஜினோலிலும் வளையமும் மூன்று காபன் வாலும் உண்டு. ஆனால் அங்கே அல்டிகைட்டு இல்லை, பீனோல் உண்டு. செடி இவ்விரண்டையும் பீனைலலனைன் என்னும் ஒரே அமினோ அமிலத்திலிருந்து தொடங்கியே கட்டுகிறது. வழியிலே கிளை பிரிந்து, பட்டையில் ஒன்றாகவும் இலையில் மற்றொன்றாகவும் முடிக்கிறது. கற்பூரம் இவ்வழியைச் சேர்ந்ததே அன்று. அது தேப்பீன் குடும்பத்துப் பிள்ளை. ஐரோப்பிய மருந்துநூல் வகுத்துள்ள அளவின்படி, பட்டை எண்ணெயிலே சினமல்டிகைட்டு நூற்றுக்கு 55 முதல் 75 வரை இருத்தல் வேண்டும், இயூஜினோல் 7.5க்கு மேற்படலாகாது. இலை எண்ணெயிலே இயூஜினோல் 70 முதல் 85 வரை; சினமல்டிகைட்டு 3க்கு மேற்படலாகாது. லினலோல், கரியோபிலீன் முதலிய ஏனையவை சிறு அளவின. பட்டை அரிது, இலை மலிவு. இலை எண்ணெயைவிடப் பட்டை எண்ணெய் பன்மடங்கு விலை பெறுவதற்கும், ஒன்றை மற்றதாக விற்கும் ஆசை பிறப்பதற்கும் காரணம் அதுவே.

இந்த ஆசை புதியதன்று. கறுவாவின் வரலாறே மறைப்பினதும் பொய்யினதும் வரலாறாகும். பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளைக் கொண்டு எட்டாத பாறைகளிற் கூடு கட்டுமென்றும், அராபியர் இறைச்சித் துண்டங்களை வைத்துப் பறவைகளை ஏமாற்றி அக்கூடுகளை வீழ்த்துவரென்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஏரொடோத்தசு எழுதி வைத்தார். விலையை உயர்த்தக் கட்டிய கதைகள் இவை என்று உரோமரான பிளினி பிற்காலத்தில் எள்ளி நகைத்தார். 1344ஆம் ஆண்டிலே புத்தளத்தில் இறங்கிய இபன் பதூதா, கறுவாக் கட்டைகள் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கரையிலே குன்றுபோற் குவிந்திருந்ததையும், மலபாரிலிருந்தும் மாபாரிலிருந்தும் வந்தோர் ஆரியச்சக்கரவர்த்திக்குத் துணி முதலியவற்றைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்றதையும் குறித்திருக்கிறார். விலையின்றிக் கிடைத்த அதே பட்டைக்காகப் பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராய் வந்து போர் புரிந்தனர். ஒல்லாந்தர் காலத்திலே கறுவாச் செடிக்கு ஊறு செய்தவனுக்கு மரணதண்டனை வரை விதிக்கப்பட்டது. காட்டிலே தேடிப் பொறுக்கிய கறுவாவை, ஆளுநர் பல்க்கின் காலத்திலேதான் கொழும்பின் மருதானைப் பகுதியில் தோட்டமாக நட்டார்கள். கறுவாத்தோட்டம் என்னும் பெயர் இன்று மாளிகைகளுக்குரியதாகிவிட்டது. அங்கே பட்டை உரிப்பாரைக் காண முடியாது.

இனி, இந்த எண்ணெய்கள் உயிர்களின்மீது ஆற்றும் செயலுக்கு வருவோம். பாஸ்டரின் துணைவராயிருந்த சம்பர்லாண், 1887ஆம் ஆண்டிலேயே கறுவா எண்ணெய் அந்திராக்சு நோய்க் கிருமிகளை ஒடுக்குவதைக் காட்டினார். அன்றுதொட்டு இன்றுவரை நடந்த சோதனைகள் எண்ணில. பற்றீரியாக்கள், பூஞ்சணங்கள், மதுவங்கள் எனப் பலவும் இதன் முன்னே வளர்ச்சி குன்றுகின்றன. சினமல்டிகைட்டின் அல்டிகைட்டுக் கூட்டம் புரதங்களின் அமினோக் கூட்டங்களைப் பற்றிக்கொண்டு கிருமியின் நொதியங்களை முடக்குகிறது. இயூஜினோலோ கிருமியின் மென்சவ்வைக் குலைத்து உள்ளிருப்பதை ஒழுகச் செய்கிறது. தைவான் நாட்டுக் கறுவா இனமொன்றின் இலை எண்ணெய் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கொல்வதை 2004ஆம் ஆண்டிலே அந்நாட்டு ஆய்வாளர் கண்டனர். நாவிலே கறுவா தரும் அந்தச் சுடுசுவை எப்படி வருகிறது என்பதும் அதே ஆண்டில் விளங்கியது: வலியை உணரும் நரம்புமுனைகளிலுள்ள ஒரு வாயிலை, டீ.ஆர்.பி.ஏ. 1 என்பது அதன் பெயர், சினமல்டிகைட்டு திறந்துவிடுகிறது. இயூஜினோல் இதற்கு மாறாக நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியர் நாக ஒட்சைட்டுடன் இயூஜினோலைக் குழைத்துச் சூத்தைப் பல்லை அடைப்பதை வாசகர்களிற் பலர் தம் வாயினாலேயே அறிவர்.

இவற்றையெல்லாம் ஓய்வு பெற்ற பின்னர், 2014ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, எங்கள் ஊர் வாசகசாலையின் ஆண்டுவிழாவிலே 'கறுவாவின் மாண்பு' என்ற தலைப்பிலே பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. முன்வரிசையிலே என் தமக்கையார் அமர்ந்திருந்தார். தந்தையார் இறந்தபின் தையல் தைத்து என்னைப் படிக்கவைத்தவர் அவர். அப்போது பன்னிரண்டு ஆண்டுகளாகச் சலரோகத்துக்குக் குளிசை எடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் குளிசையை நிறுத்தியதை நான் அறிந்தது ஐப்பசியில். கனடாவிலிருந்து மகன் அனுப்பிய கறுவாத் தூளை, காலையும் மாலையும் ஒவ்வொரு தேக்கரண்டி வெந்நீரிற் கரைத்துக் குடித்து வந்திருக்கிறார். அது நாலு மாதம். இடையிலே இடது காலிலே முள்ளோ ஆணியோ குத்திய புண் ஒன்று. சலரோகத்தால் உணர்ச்சி குன்றிய கால், வலி தெரியவில்லை. கடையிலே 'கறுவாப்பட்டை எண்ணெய்' வாங்கி, எதனுடனும் கலக்காமல், இருவேளையும் புண்ணிலே தடவியிருக்கிறார்.

"நீதானே தம்பி சொன்னனீ, கிருமியெல்லாம் சாகுமெண்டு" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று. என் பேச்சை மறவாமல் வைத்திருந்த பெருமையோடு.

புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து வெந்து கிடந்தது. உணர்ச்சியுள்ள காலாயின் முதல் நாளே எரிந்து எச்சரித்திருக்கும். வைத்தியசாலையிலே அடுத்த தை மாதம் பெருவிரலை அகற்றினார்கள். குளிசையை நிறுத்தியதே முதற் காரணம், எண்ணெய் புண்ணைப் பெருப்பித்தது என்றார் வைத்தியர். என்னைப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்தப் போத்தலைத் திறந்தேன். கராம்பு மணம்! பழைய பாடசாலை ஒன்றிலே அநுமதி பெற்று இரண்டு சோதனைகளைச் செய்தேன். மதுசாரத்திலே கரைத்த ஒரு துளிக்குப் பெரிக்குக் குளோரைட்டு இட்டபோது கரைசல் ஆழ்ந்த நீலமாயிற்று. என் மாணவர்களின் எண்ணெயில் இட்டபோது மங்கிய பசுமைக்கு மேல் எதுவும் இல்லை. பின், கடையெண்ணெயிலே பத்து மில்லிலீற்றரை ஐதான பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலுடன் குலுக்கி வைத்தேன். பீனோல்கள் காரத்திற் கரையும். அல்டிகைட்டு அவ்வாறு கரையாது. எட்டுக்கு மேற்பட்ட மில்லிலீற்றர் கரைந்து மறைந்தது. போத்தலில் இருந்தது இலை எண்ணெய். பட்டை எண்ணெயைப் புண்ணில் தடவியிருந்தால் நன்மை விளைந்திருக்கும் என்று இதற்குப் பொருளன்று; கலவாத பட்டை எண்ணெய் தோலுக்கு இன்னும் கொடியது, ஒவ்வாமையும் தருவது. ஆயினும், மரத்துப்போன காலிலே மரக்கச் செய்யும் எண்ணெயைப் பெயர் மாற்றி விற்றவனை நினைக்கும்போது இன்றும் எனக்குச் சினம் எழுகிறது.

கனடாவிலிருந்து வந்த பொதியிலே வேறொரு வியப்பு இருந்தது. "இது எங்கடை நாட்டுச் சாமான்" என்று அவர் நம்பிக் குடித்த தூளின் உறையிலே, பொடியெழுத்தில், இந்தோனேசியாவில் விளைந்தது என்று அச்சிட்டிருந்தது. வட அமெரிக்கக் கடைகளிலே கறுவா என்ற பெயரில் விற்கப்படுவதிற் பெரும்பகுதி கசியா இனங்களே. குச்சியாக வாங்கினால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: நமது கறுவா, சுருட்டுப்போலப் பல மெல்லிய அடுக்குகள் கொண்டது, விரலால் நொறுங்கும், கசியா ஒரே தடித்த பட்டை, மரம்போல் வன்மையானது. தூளானபின் யார் கண்டார்? வேறுபாடு பெயரில் மட்டும் என்றால் கவலையில்லை. கசியாவிலே கூமரின் என்னும் பொருள் உண்டு. அது மிகுந்தால் சிலருடைய ஈரலுக்குத் தீங்கு. 2006ஆம் ஆண்டிலே செருமானிய அரசின் இடர்மதிப்பீட்டு நிறுவனம் இதுபற்றி எச்சரித்தது. அங்கே அளந்த கசியாத் தூளிலே கிராமுக்குச் சராசரி மூன்று மில்லிகிராம் அளவு கூமரின் இருந்தது. நமது கறுவாவில் இருப்பது அதன் நூறிலொரு பங்கு போன்ற சிற்றளவே. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே ஐரோப்பியர் வகுத்த எல்லை. ஐம்பத்தைந்து கிலோகிராம் நிறையுடைய என் தமக்கையாருக்கு அது ஐந்தரை மில்லிகிராம். அவர் நாள்தோறும் குடித்த தூள் ஐந்து கிராம் என்றால், கூமரின் பதினைந்து. ஈரற் சோதனைகள் பழுதின்றி வந்தது எங்கள் நற்பேறு.

கறுவா சலரோகத்தைத் தணிக்கும் என்ற பேச்சு வெறுங்கதையிற் பிறந்ததன்று. பாகிசுத்தானிலே அறுபது நோயாளரைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்விலே, நாற்பது நாள் கறுவா உண்டோரின் குருதிச் சர்க்கரை நூற்றுக்கு 18 முதல் 29 வரை குறைந்ததாகக் கண்டார்கள். அங்கே கொடுக்கப்பட்டதும் கசியாவே. ஆனால் 2012ஆம் ஆண்டிலே கொக்கிரேன் குழுவினர், 577 பேரைக் கொண்ட பத்துச் சோதனைகளை ஒருங்கே வைத்து ஆராய்ந்து, மருந்தாக விதந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தனர். என் வாசகசாலைப் பேச்சு அதற்கு இரண்டாண்டு பிந்தியது. நான் 2003ஐச் சொன்னேன். 2012ஐத் தேடிப் பார்க்கவில்லை.

கிருமிகளைப் பற்றியும் நான் பாதியையே சொன்னேன். பெனிசிலினுக்கு அடங்கும் கிருமியை மில்லிலீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராமின் சிறு பின்னம் ஒடுக்கிவிடும். சினமல்டிகைட்டோ சில நூறு மைக்கிரோகிராம் வேண்டும். கண்ணாடித் தட்டிலே அவ்வளவை வைக்கலாம். உட்கொண்டாலோ, ஈரல் அதை விரைந்து ஒட்சியேற்றிச் சினமிக்கு அமிலமாக்கி, அதையும் மாற்றி இப்பூரிக்கு அமிலமாக ஒருநாளுக்குள் சிறுநீரோடு பெரும்பாலும் வெளியேற்றிவிடுகிறது. இதைக் கூட்டத்திலே சொல்லியிருந்தால் கைதட்டல் குறைந்திருக்கும்.

2022 மாசியிலே 'சிலோன் சினமன்' என்னும் பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கிய செய்தியைத் தமக்கையாருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப இனிக் கள்ளப்பேரிலை விக்கேலாதோ?" என்று கேட்டார். ஐரோப்பாவில் விற்க ஏலாது என்றேன். "கனடாவிலை?" என்றார். நான் பேசாதிருந்தேன். அவர் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். இரவுச் சாப்பாட்டின்பின் குளிசையை விழுங்கிவிட்டு, நம் நாட்டுக் கறுவாக் குச்சியில் ஒரு விரற்கடை போட்ட தேநீர் அருந்துகிறார், ருசிக்காக.

வெலிகமைப் போத்தலைச் சென்ற கிழமை எடுத்துப் பார்த்தேன். தக்கை இற்றுப்போயிருந்தது. எண்ணெய் தடித்துக் கருமை ஏறியிருக்கிறது. கழுத்தைச் சுற்றி வெண்ணிறப் பளிங்குகள் பூத்திருக்கின்றன. நாற்பதாண்டுக்கு மேலாகக் காற்றுச் சிறிது சிறிதாக உட்புகுந்து அல்டிகைட்டை ஒட்சியேற்றியதால் விளைந்த சினமிக்கு அமிலம் அது. கோணல் எழுத்து மட்டும் இன்னும் தெளிவாக இருக்கிறது.